சட்ராஸ் ஜமீலாவின் கணக்கு

பேய், பிசாசு, செய்வினை என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம், அங்கே புளியமரத்துக்கு ஒரு கதை, பம்புசெட்டுக்கு ஒரு கதை என்று ஏகப்பட்டது உண்டு, எதையும் நான் நம்பியது கிடையாது. போதாக்குறைக்கு நான் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஒரு தப்பு ஒரே ஒரு முறை நடந்தால் அதை நான் எடுத்துக்கொள்ளவே மாட்டேன், மறுபடி நடக்க வைத்துக் காட்டு, அப்போது நம்புகிறேன் என்பேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதற்காகவாவது கொஞ்சம் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நடுராத்திரி கிடையாது, நாய் ஊளையிடுவது கிடையாது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது.

என் பெயர் கவிதா. கேளம்பாக்கத்தில் ஃபிளாட், ஆபீஸ் நாவலூரில். சின்னக் கம்பெனிதான், கிளினிக்குகளில் டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்கிற ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். ஆப்புக்குள் போக வேண்டும் என்றால் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கிறோம் இல்லையா, அந்த ஆள் யார், அவர் பாஸ்வேர்ட் சரியா என்று பார்த்து உள்ளே விடுவதற்குத் தனியாக ஒரு சர்வர் இருக்கும். எல்லோருடைய கணக்குகளும் அதில்தான் இருக்கும். நிஜ ஆட்களின் கணக்குகளை வைத்துக்கொண்டு நாங்கள் விளையாட முடியாது, அதனால் ஆப் தயாராகிற காலத்தில் பொய்யாக ஒரு சர்வர் வைத்து, அதில் பொய்யான ஆட்களை உருவாக்கிச் சோதித்துப் பார்ப்போம். அந்த சர்வரை வைக்கிற வேலை என்னிடம் வந்தது. வாடகைக்கு இணையத்தில் இடம் எடுக்க எங்கள் மேனேஜர் பிரகாஷுக்கு மனசு வரவில்லை, ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து, இதிலேயே போட்டுவிடு என்றுவிட்டார். ரம்ஜான் விடுமுறைக்கு அடுத்த நாள், பாதி ஆபீஸ் காலி, வெளியே கோடைமழை, நான் தனியாக உட்கார்ந்து அதைத் தயார் செய்தேன்.

பொய் ஆட்கள் என்றால் பொதுவாக டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடிக்காது. நிஜ மனிதர்களின் பெயர்கள் மாதிரி இருந்தால்தான் நீளப் பெயர், இனிஷியல், ஊர்ப் பெயர் என்று எங்கே இடிக்கிறது என்பது தெரியும். எனவே மனசுக்கு வந்தபடி அடித்துக்கொண்டே போனேன். அதில் ஒருத்தி அ. ஜமீலா பீவி. தொழில் தையல். விலாசம் சட்ராஸில் கோட்டைக்குப் பக்கத்துத் தெரு. கூப்பிடுகிற பெயர் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் 'சீட்டி ஜமீலா' என்று அடித்தேன். ஏன் அப்படி அடித்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சதுரங்கப்பட்டினத்தைச் சட்ராஸ் என்பார்கள், கல்பாக்கத்தை ஒட்டிய ஊர், டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று அங்கே இருக்கிறது என்பது தெரியும், பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். இறங்கியதுகூட இல்லை.

இன்னொரு விஷயம், இது முக்கியம். பகலெல்லாம் நாங்கள் அந்தக் கணக்குகளைப் போட்டுப் புரட்டி எடுப்போம், பெயரை மாற்றுவோம், பாஸ்வேர்டை மாற்றுவோம். மறுநாள் எல்லாம் சுத்தமாகத் தொடங்க வேண்டும். அதனால் தினமும் விடிகாலையில் சர்வர் தானாகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நான் முதல் நாள் எழுதியபடியே அந்த ஆட்களைத் திரும்ப உருவாக்கிக்கொள்கிற மாதிரி வைத்திருந்தேன். ரீசெட் என்போம். அருமையாக வேலை செய்தது, பிரகாஷ்கூட ஒரு முறை பாராட்டினார்.

என் கணவர் சங்கர் மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அதுவரை செங்கல்பட்டு ரூட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடி மாதம் பிறந்த பிறகுதான் அவரைக் கல்பாக்கம் பக்கம் மாற்றினார்கள். அந்த பஸ்ஸில் வரும் நிலோஃபர் என்ற பெண், அண்ணா, உங்க யூனிஃபார்ம் கை பிரிஞ்சு போயிருக்கு, எங்கம்மாகிட்ட கொடுங்க, நல்லா தைப்பாங்க என்று சொல்லியிருக்கிறாள். இவரும் துணி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அப்புறம் வீட்டுக்கு வந்து ஒரே புலம்பல்.

"அந்தம்மா நல்லாத்தான் பேசுது. ஆனா நேத்து அளவு எடுத்துச்சு, இன்னிக்கு போனா நீ யாருப்பாங்குது. மறுபடி அளவு எடுக்குது. துணி வெட்டி எதுருலயே கீது, இது யாரு துணின்னு என்னியே கேக்குது" என்றார்.

வயசான அம்மாவாக இருக்கும் என்றேன். வயசெல்லாம் இல்லை, ஐம்பதுகூட இருக்காது என்றார். ஒரு வழியாகத் தைத்து முடித்து யூனிஃபார்ம் வந்தது. அதைப் போட்டுக்கொடுத்த துணிப்பையை நான் சமையலறையில் மடித்து வைக்கப் போனேன். பையில் அச்சடித்திருந்தது: ஜமீலா டைலர்ஸ், கோட்டைத் தெரு, சதுரங்கப்பட்டினம்.

அப்போதுகூட நான் பயப்படவில்லை, நம்புங்கள். ஜமீலா என்று ஊருக்கு நான்கு பேர் இருப்பார்கள், அதில் ஒருத்தர் தையல்காரராக இருப்பதில் என்ன அதிசயம். சும்மா ஒரு சந்தேகத்துக்காக, அந்த அம்மாவுக்கு ஏதாவது பட்டப்பெயர் உண்டா என்று சங்கரிடம் கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சீட்டி ஜமீலாம்பாங்க. சின்ன வயசுல தெரு பூரா சீட்டி அட்ச்சுகினு திரியுமாம். உனுக்கு எப்டி தெரியும்?" என்றார்.

சங்கரே முன்பு எப்போதாவது என்னிடம் சொல்லியிருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் அந்தப் பெயரை அடித்தது ரம்ஜான் முடிந்த மறுநாள். அவர் அந்த ரூட்டுக்கே போனது ஆடியில். அவருக்கும் அதற்கு முன் சட்ராஸில் யாரையும் தெரியாது.

சனிக்கிழமை நான் ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேளம்பாக்கத்தில் பஸ் ஏறினால் மாமல்லபுரம் தாண்டி அப்படியே போய் இறங்கலாம். கடை சின்னது, ஒரு மிஷின், ஒரு அயர்ன் டேபிள், கடல் காற்றில் துருவேறிய ஷட்டர். ஒல்லியாக ஒரு அம்மா தலையில் முக்காட்டோடு உட்கார்ந்து ஒரு சட்டையின் பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். உதட்டில் நூலைக் கடித்தபடி மெலிசாக ஒரு சீட்டிச் சத்தம், அவருக்கே தெரியாமல் வருகிற மாதிரி. வா கண்ணு என்று கூப்பிட்டு உட்கார வைத்து அளவு எடுத்தார். தொழில் தெரிந்த கை. ஊர், பேர், வீட்டுக்காரர் வேலை எல்லாம் கேட்டார், எல்லோரும் கேட்கிற மாதிரிதான். அன்றைக்கு நிலோஃபருக்கு லீவு, உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். நான் சங்கரின் மனைவி என்று தெரிந்ததும், அம்மா பின்பக்கம் போன நேரம் பார்த்து, அண்ணாவை ரொம்ப அலைய விட்டுட்டோம், மன்னிச்சுக்கங்கக்கா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ரம்ஜான் முடிந்ததிலிருந்துதான் இப்படியாம். பழசு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரம்ஜானுக்கு அப்புறம் நடந்தது எதுவும் மறுநாள் காலையில் ஞாபகம் இருப்பதில்லை. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். நிலோஃபருக்கு அப்பா இல்லை. இதற்கிடையில் கோவளத்தில் ஒரு நல்ல பையன் அமைந்து நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் இந்த விஷயம் தெரியாது.

"தெனமும் காலைல எனக்கு நிச்சயம் ஆயிடுச்சும்மான்னு புதுசா சொல்றேங்க்கா. தெனமும் புதுசா சந்தோசப்படுறாங்க. அப்பால அத்தா இல்லியேன்னு அழுவுறாங்க. என்னால முடியல" என்றாள்.

எனக்குக் கையில் டீ இருந்தது ஞாபகம் இருக்கிறது, குடித்தேனா தெரியாது. ஜமீலாம்மா திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்ததும், நான் பேச்சோடு பேச்சாக, கடைசியாக எதுவரைக்கும் உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே யோசித்தார்.

"மழ பேஞ்சுகினு இருந்துச்சு. நா இங்கியே குந்திகினு தச்சுகினு இருந்தேன். யாரோ என்னிய முழுப் பேரு சொல்லி கூப்ட்டாங்க கண்ணு. இன்ஷியலோட. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. அதோட சரி" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் நான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். மழை எல்லா ஊரிலும் பெய்தது. மறதி எத்தனையோ காரணத்தால் வரும். ஆனால் என் வேலையே சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதானே. வீட்டுக்குப் போகாமல் நேராக நாவலூர் போய் இறங்கினேன். சனிக்கிழமை ஆபீஸில் செக்யூரிட்டியைத் தவிர யாரும் இல்லை. சர்வரில் உட்கார்ந்து அந்த ரீசெட்டை நிறுத்தினேன். மற்ற பொய் ஆட்களின் விலாசங்களையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, அந்த வாரம் முழுக்க சங்கரும் நானும் விசாரித்தோம். அப்படி ஒரு தெருவே இல்லை, அப்படி ஒரு ஆளே இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் பதில் வந்தது. ஜமீலா ஒருத்தர்தான். ஏன் அவர் மட்டும் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

ரீசெட் நின்ற பிறகு வந்த திங்கட்கிழமை, சங்கர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்குப் போன் செய்தார். நிலோஃபர் பஸ் ஏறும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாளாம். இவர் பயந்துபோய் என்ன என்று கேட்டிருக்கிறார். அம்மா காலையில் எழுந்து, இவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே, உன் நிக்காஹுக்கு நேற்று பார்த்த அந்தப் பச்சைத் துணியே இருக்கட்டும் என்றாராம். நேற்று என்ற வார்த்தையை அம்மா வாயால் கேட்டு எத்தனை மாசம் ஆகிறது என்று அழுதாளாம். சங்கருக்கு நான் ரீசெட் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உனுக்கு வேல ஜாஸ்தியா பூட்ச்சு. ரெண்டு நாள் லீவு போடு" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு முறை நடந்தது, அவ்வளவுதானே. இரண்டாவது முறை நடந்ததற்கு நான் காரணமில்லை, அந்தப் பாவத்தை நான் செய்திருக்க மாட்டேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து, சர்வரில் பழைய குப்பை சேர்ந்து சோதனைகள் எல்லாம் தப்பாக வருகிறது என்று டீமில் எல்லோரும் சத்தம் போட, பிரகாஷ் என்னைக் கேட்காமலே ரீசெட்டைத் திரும்பப் போட்டுவிட்டார். எனக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் சங்கர் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கவிதா, அந்த ரீசெட்ட திரும்ப போட்டியா நீ?"

இல்லை என்றேன். அன்று காலையில் மாப்பிள்ளைப் பையன் பத்திரிகை விஷயமாக சட்ராஸ் போயிருக்கிறான். ஜமீலாம்மா அவனை வாசலில் நிற்க வைத்து, யாருப்பா நீ, என்னா தைக்கணும் என்று கேட்டிருக்கிறார். முந்தின வாரம் அவனுக்குத் தன் கையால் பரிமாறியவர். பையன் முகம் செத்துப்போய்த் திரும்பியிருக்கிறான். இனி நிக்காஹ் நடக்குமா என்று நிலோஃபர் பஸ்ஸில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாளாம்.

நான் மறுநாள் முதல் ஆளாக ஆபீஸ் போனேன். ரீசெட் நடந்தாலும் அந்த ஒரு கணக்கை மட்டும் தொடாதபடி மாற்றி எழுதினேன். எழுதி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிரகாஷ் வந்து, ஏன் ஒரு ஆளை மட்டும் விட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நிஜத்தில் ஆட்கள் வருஷக்கணக்கில் ஒரே கணக்கை வைத்திருப்பார்கள், அப்படி நாள்பட்ட கணக்கு ஒன்று நமக்கும் வேண்டும் சார், இதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். பொய் இல்லை, அது நல்ல யோசனைதான். பிரகாஷும் ஒத்துக்கொண்டார். ஜமீலாம்மாவுக்கு அந்த இரண்டு வாரம் திரும்பி வரவே இல்லை, அழிந்தது அழிந்ததுதான். ஆனால் அன்றிலிருந்து நடந்ததெல்லாம் அவர் ஞாபகத்தில் நின்றது. நிலோஃபர் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், அம்மாவுக்கு இப்போது சரியாகிக்கொண்டு வருகிறது என்றாள். பையனின் அம்மா ஒரு பகல் முழுக்க வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, நல்லவேளை, தேதியை மாற்றாமல் விட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசியில் அடுத்த இடி. கம்பெனி அந்த இடத்தைக் காலி செய்கிறது, எல்லோரும் இனி வீட்டிலிருந்து வேலை, சர்வர் எல்லாம் இணையத்தில் வாடகை இடத்துக்குப் போகிறது. பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான்கடைக்குப் போட ஏற்பாடு. அந்தக் கணக்கைப் புது இடத்துக்குப் பிரதி எடுத்துப் போட்டால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, கையை விசைப்பலகையில் வைத்தும்விட்டேன். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்தால் சட்ராஸில் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது, கையை எடுத்துவிட்டேன். பிரகாஷிடம் போய், அந்தப் பழைய மிஷினை எனக்குக் கொடுத்துவிடுங்கள் சார் என்று கேட்டேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொள் என்றார்.

அணைக்காமல் கொண்டுபோக வேண்டும், அதுதான் என் பிடிவாதம். அதுவரை அந்த மிஷின் ஒரு நாளும் அணைந்தது கிடையாது, அணைந்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தது. வழிக்கு, மிஷின் ஏற்கெனவே மாட்டியிருந்த ஆபீஸ் யுபிஎஸ்ஸையே கேட்டு வாங்கினேன், பழைய பாட்டரி, ஆனால் நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் என்ன தூரம், தாங்கிவிடும் என்று நினைத்தேன். சங்கருக்கு அன்று டூட்டி. பில்டிங்காரர் மதியத்துக்குள் கரண்டைத் துண்டிக்கப் போகிறேன் என்று நின்றுகொண்டிருந்தார். வெளியே மழையென்றால் அப்படி ஒரு மழை. ஒரு ஆட்டோ பிடித்து, கம்ப்யூட்டரைப் பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, யுபிஎஸ்ஸைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சிறுசேரி தாண்டும்போதே ரோட்டில் தண்ணீர். படூரில் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. யுபிஎஸ் விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது, அப்புறம் விடாமல் கத்தியது, அப்புறம் நின்றுவிட்டது. மடியில் இருந்த மிஷினின் ஃபேன் சத்தம் மெல்ல இறங்கி அடங்கியதை நான் தொடையில் உணர்ந்தேன். உடனே நிலோஃபருக்குப் போன் போட்டேன். மழையென்று அன்று அவள் லீவு போட்டிருந்தாள்.

"அக்கா, நானே உங்களுக்குப் பண்ணலாம்னு போனை எடுத்தேன். அம்மா துணி வெட்டிகினே இருந்தாங்க, அப்டியே நின்னுட்டாங்க. கண்ணு தொறந்துதான் கீது. கூப்ட்டா திரும்பல. கத்திரிக்கோல் கையிலயே கீது. நா இன்னா பண்றது?"

போனை வைக்காதே, பக்கத்திலேயே இரு என்றேன். ஆட்டோவிலிருந்து இறங்கினேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். கம்ப்யூட்டரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, விளக்கு எரிகிற கடை எது என்று பார்த்தேன். நான்கு படி உயரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே நுழைந்து ஒரு பிளக் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னையும் நான் கொண்டுவந்ததையும் பார்த்தார்.

"இன்னாம்மா, இந்த மழைல கம்ப்யூட்டர் ரிப்பேரா?"

"ஒருத்தங்க உயிர் இதுல இருக்கு அண்ணே. அப்புறம் சொல்றேன்."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, தன் யுபிஎஸ்ஸிலிருந்து பிரிண்டரைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தார். பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். வரவில்லை. மறுபடி போட்டேன், ஒரு சின்ன பீப், அவ்வளவுதான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், அந்தப் பக்கம் நிலோஃபர் அம்மா, அம்மா என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கடையில் விற்பனைக்கு இருந்த ஒரு ரப்பரை எடுத்தேன், மூடியைக் கழற்றி, மெமரிப் பட்டையை வெளியே இழுத்து, பள்ளிக்கூடத்தில் நோட்டில் தேய்ப்போமே அதுபோல அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்தேன், சேலைத் தலைப்பில் காய்ந்த இடம் தேடித் துடைத்தேன், திரும்பச் செருகினேன். மூன்றாவது முறை ஃபேன் சுற்றியது. கடைக்காரரின் திரையை மாட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். வரிசையாக எழுத்துகள் ஓடி, கடைசியில் கணக்கு சர்வர் தொடங்கியது என்ற வரி வந்தது.

போனில் நிலோஃபர் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த அமைதியில் கத்திரிக்கோல் துணியை வெட்டுகிற சத்தம் கேட்டது, கறுக் கறுக்கென்று. அதன் பின்னால் ஜமீலாம்மாவின் குரல்.

"கரண்ட்டு வந்துட்ச்சா?"

சட்ராஸில் அன்று கரண்ட் போகவே இல்லை. நிலோஃபரைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், விளக்கும் ஃபேனும் ஓடிக்கொண்டுதான் இருந்தன என்றாள்.

அன்று மழை விட்டுத் தண்ணீர் இறங்கும்வரை அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். சங்கர் டூட்டி முடிந்து நேராக வந்தார். நண்பர் ஒருவரின் வேனில் இன்வெர்ட்டரோடு பெரிய பாட்டரி ஒன்றைப் போட்டு எடுத்து வந்திருந்தார். மிஷின் மாட்டியிருந்த கடை யுபிஎஸ்ஸையும் இரவல் வாங்கி, அதை அந்தப் பாட்டரிக்கு மாற்றினோம், மிஷின் ஒரு நொடிகூட அணையாமல். கடைக்காரரும் சேர்ந்து பிடித்தார். வீட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் சங்கரே பலகை அடித்து இடம் செய்துகொடுத்தார். ரீசெட்டை நான் அதிலிருந்து அடியோடு எடுத்துவிட்டேன். அவர் நம்பினாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதை அன்றிலிருந்து அவர்தான் பார்த்துக்கொள்கிறார், என்னை விடுவதில்லை.

நிலோஃபரின் நிக்காஹ் கல்பாக்கத்துப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். ஜமீலாம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து முன் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குத் தைத்த ஜாக்கெட்டின் கை கொஞ்சம் பிடிக்கிறது என்று நான் எப்போதோ சொன்னதைக்கூட ஞாபகம் வைத்திருந்து கேட்டார். பச்சைச் சேலையில் நிலோஃபர் அழகாக இருந்தாள். பிரியாணி சாப்பிடும்போது ஜமீலாம்மா எங்கள் பந்தியை விட்டு நகரவே இல்லை, இன்னும் கொஞ்சம் வை என்று பரிமாறுகிறவரை விரட்டிக்கொண்டே நின்றார். இந்த சர்வர் விஷயத்தை நான் அவரிடம் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது. நன்றாக இருக்கிறார், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மிஷின் எப்படி இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். வாரம் ஒரு முறை ஜமீலாவாக உள்ளே போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வருவது என் வழக்கம். நான் வைத்த பாஸ்வேர்டைப் போட்டேன். தவறான பாஸ்வேர்ட் என்றது. கை தவறியிருக்கும் என்று மெதுவாக ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். தவறு என்றது. நிர்வாகியாக உள்ளே போய்ப் பார்த்தேன். பாஸ்வேர்ட் மாற்றப்பட்டிருக்கிறது, நேற்று நண்பகலில். நண்பகலில் நான் அந்தக் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீடு பூட்டியிருந்தது, சாவி என் கைப்பையில். வீட்டுக்கு வந்த பிறகு அந்த மிஷினை இணையத்தோடு நான் இணைத்ததே இல்லை, அதிலிருந்து சுவருக்குப் போகிற ஒரே ஒயர் கரண்ட் ஒயர்தான்.

நிர்வாகி என்ற முறையில் நான் நினைத்தால் வேறு பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய்விடலாம், ஒரு நொடி வேலை. நான் போகவில்லை. விசைப்பலகையைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன், திரையை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு கணக்குக்கும் கடைசியாக உள்ளே வந்த நேரம் என்று ஒரு வரி இருக்கும். ஜமீலாம்மா கடை திறக்கிற நேரத்துக்குத் தினமும் அந்த வரி மாறுகிறது. வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு, அன்று மாறுவதில்லை.

போன வாரம் ஒரு நாள் அந்தத் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜமீலாவுக்குக் கீழே, நான் உருவாக்காத ஒரு கணக்கு இருந்தது. பெயர், விலாசம், தொழில் எல்லாக் கட்டமும் காலி. வயது என்ற இடத்தில் மட்டும் சைபர் என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து நிலோஃபர் போன் செய்தாள், அக்கா, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன், இப்போதுதான் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.